ஒதுக்கிய ஆறு படங்கள்

உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. நாற்பது வருடம் நிலம் அளந்தவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. கோடு போடாத தாளில் ஒரு வரிகூடச் சாயவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் பரிசோதனைக்கு முன்னால் பெயரை எழுதச் சொல்வேன். எழுதுகிறபோது தலை எவ்வளவு குனிகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறவர் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒருவருடைய இடது கண்ணாடியை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்; அவர் படியில் தடுக்கி விழப் பார்த்து, திரும்பி வந்து சண்டை பிடித்தார். என் கையால் அப்படி நடந்ததே இல்லை. காரணம் உங்கள் கடிதத்தின் நான்காவது பத்தி. ‘இருபத்திரண்டு படம் எடுத்துவிட்டு எட்டை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். தனக்கு வேண்டிய பதிலைத் தருகிற படங்களைப் பொறுக்கி எடுத்ததுபோலத் தோன்றுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதன் நகல் நம் வானியல் சங்கத்து இதழாசிரியருக்கும் போயிருக்கிறது.

ஆகவே எந்தப் படத்தை எதற்காக விட்டேன் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதில் என் தங்கையின் கணவர் இறந்துபோனதும் வரும். அதை விட்டுவிட்டுப் படங்களைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

பின்னால் இதை விஷயம் தெரியாதவர்களும் படிக்க நேரலாம் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் இருவரும் வாதாடுகிற நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு சட்டைப் பித்தான்களை ஒட்டி வைத்தால் எவ்வளவு நெருக்கமாகத் தெரியுமோ அவ்வளவு நெருக்கம். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இரண்டும் மங்கல். பதினொரு வருடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டில் ஒன்று வெடித்து எழுந்து ஒரே நாளில் நூறு மடங்கு பிரகாசமாகிறது, ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. எது என்பதுதான் கேள்வி. பொங்கி நிற்கிற அந்தச் சில நாளில் இடத்தைத் துல்லியமாக அளந்தவனுக்குத்தான் பதில் தெரியும். போன முறை நீங்கள் மேற்கு என்றீர்கள், நான் கிழக்கு என்றேன். உங்கள் கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது. என்னுடையது கடைசிப் பக்கத்தில், முகவரி மாற்றங்களுக்குக் கீழே நான்கு வரியாக வந்தது. அதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை அது பொங்குவதற்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு வருடத்தில் மொட்டை மாடியில் ஒரு கான்கிரீட் தூண் எழுப்பி அதன்மேல் தொலைநோக்கியை வைத்தேன். தூணைத் தரையிலிருந்து கட்டிடத்தில் படாமல் எழுப்ப வேண்டும், மாடித் தளத்தில் நடக்கூடாது என்பது இந்தத் துறையில் இறங்குகிற யாருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தளத்தில் நட்டால் வீட்டில் யார் நடந்தாலும் படம் ஆடும். நான் தளத்தில்தான் நட்டேன். அப்போது கீழே இருந்தது ஒரு சாமான் அறை, வீட்டில் நடமாடுகிற ஆள் நான் ஒருவன் மட்டும். இந்த விவகாரத்தில் என்னுடைய பிழை என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கையும் மாப்பிள்ளையும் என்னோடு வந்து தங்கினார்கள். மாப்பிள்ளை இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டர். தூசியும் புகையும் தின்று நுரையீரல் இரண்டும் பழசாகிவிட்டன. படியேற முடியாது என்பதால் சாமான் அறையைக் காலி செய்து அதில் அவருக்குக் கட்டில் போட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்கில் மாட்டிய குழாய் வழியாகக் கொடுக்கும். அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டரும் மூலையில் நின்றது.

அவரை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. படுத்த படுக்கையிலும் வாய் ஓயாத மனுஷன். உடம்பு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், “டிக்கெட் எடுத்தாச்சு, எறங்குற ஸ்டாப்தான் டிரைவருக்கே தெரியல” என்பார். பேச மூச்சு போதாத நேரங்களில் கைத்தடியால் கூரையைத் தட்டுவார். பழைய பஸ்ஸில் கூரையைத் தட்டித்தான் டிரைவருக்குச் சைகை கொடுப்பாராம்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். ஒன்று தட்டினால் நான் மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். நான் மாடியில் நடக்கிற சத்தம் கேட்டு அவர் இரண்டு தட்டினால், தொந்தரவு இல்லை, வேலையைப் பார் என்று அர்த்தம்.

தங்கை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறாள். மதியம் மூன்று மணிக்குப் போனால் ஒன்பதுக்கு வருவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன் என்பதால் இந்த நட்சத்திரத்துக்கு அவள் வைத்த பெயர் அண்ணி. “அண்ணி எப்ப வர்றாங்களாம்? பதினோரு வருஷம் பிறந்த வீட்லயே இருந்தா எப்படி?” என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்து இருமத் தொடங்குவார், அவள் முதுகைத் தடவிவிடுவாள். வீடு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நட்சத்திரம் பொங்கியது.

அந்த மாதத்தில் அது அந்தி சாயும்போதே மேற்கில் தாழ்வாக நிற்கும். வானம் இருட்டத் தொடங்கிய பின், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அது மறைகிறவரை எனக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். முதல் நாள் எடுத்த படங்களைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டாணிபோல உருண்டையாக இருக்க வேண்டிய நட்சத்திரங்கள் எல்லாம் அவரை விதைபோல நீண்டு கிடந்தன. மெஷினுக்குள் இருக்கிற பம்ப் சில நொடிக்கு ஒருமுறை ‘தொம்’ என்று இடிக்கும். அந்த இடி சுவரில் ஏறி, தளத்தில் ஏறி, தூணில் ஏறி, படத்தில் வந்து விழுந்திருந்தது. மூன்று வருடமாக அந்தச் சத்தத்தோடு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்; மேலே போய் நட்சத்திரம் பொங்கிவிட்டதா என்று கண்ணால் பார்த்ததோடு சரி, படம் எடுக்காததால் ஒருநாளும் அதை இப்படி யோசித்ததில்லை.

புதன்கிழமை காலையில் மெஷினை முன்னறைக்குத் தள்ளி ஒரு மெத்தைமேல் வைத்தேன். நீளமான குழாய் வாங்கி இணைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. பிறகு மாப்பிள்ளையிடமே கேட்டேன். நாற்பது நிமிடம் மெஷினை நிறுத்திவிட்டு சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று. “இதுக்கு எதுக்கு மச்சான் தயங்குற? பதினோரு வருஷத்துக்கு ஒரு வண்டி. கை காட்டி நிறுத்தாம விடுவாங்களா?” என்றார். தங்கைக்கு அரை மனம். சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் நட்சத்திரமாவது மண்ணாவது, உடனே மெஷினைப் போட்டுவிட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன் மேகம். வியாழன் மேகம். வெள்ளியும் மேகம். மேகம் எந்த நிமிடம் விலகும் என்று தெரியாது. விலகிய பிறகு இறங்கி வந்து குழாயை மாற்றிக்கொண்டிருந்தால் வாய்ப்பு போய்விடும். அதனால் மூன்று நாளும் ஏழு மணிக்கே அவரைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மேலே போய் நின்றேன். நாற்பது நிமிடம் வானத்தைத் திட்டிவிட்டு, இறங்கி வந்து மெஷினைப் போட்டேன். அந்த மூன்று நாளில் நான் எங்கேயும் உட்காரவில்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன். கடையில் கண் பரிசோதிக்கிற அட்டையைப் பார்த்தால் எழுத்து தெரியவில்லை, நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் எவ்வளவு மங்கியிருக்கும் என்ற கணக்குதான் தெரிந்தது. சனிக்கிழமைக்கு மேல் போனால் இடத்தை அளக்கிற அளவுக்கு ஒளி இருக்காது. அடுத்த முறை வரும்போது எனக்கு அறுபத்தெட்டு வயது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த தங்கை சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். நிரப்பித் தருகிறவர் திங்கட்கிழமைதான் வருவார்.

“பாதி இருக்கு” என்றேன்.

பாதி என்பது ஓர் அளவே அல்ல. பேச்சுக்குச் சொல்வது. அவள் முள்ளைப் பார்த்துச் சொல் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முப்பத்தாறு லிட்டர் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. இந்த இடத்தில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கணக்கு தெரிந்தவர். மாப்பிள்ளைக்கு நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வேண்டும். முப்பத்தாறு லிட்டர் பன்னிரண்டு நிமிடத்துக்கு வரும். ஒரு படத்துக்கு எனக்கு நூற்றைந்து நொடி. திருப்தியான அளவுக்குக் குறைந்தது பதினான்கு படம், அதாவது இருபத்து நான்கரை நிமிடம். சிலிண்டரின் திருகைப் பாதியாகக் குறைத்தால், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர், இருபத்து நான்கு நிமிடம். ஏறக்குறைய சரியாக வந்தது. அப்படி வந்தபோது எனக்கு ஒரு நிம்மதிகூட ஏற்பட்டது.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மெஷினை நிறுத்தி, குழாயை மாற்றி, திருகை ஒன்றரையில் வைத்தேன். அவர் மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

“காத்து கம்மியா வர்ற மாதிரி இருக்கே மச்சான்.”

“மெஷின் சத்தம் நின்னுபோச்சுல்ல மாப்பிள்ளை, அதான் அப்படித் தோணுது.”

அவர் நம்பினார். நான் சொன்னால் நம்புவார். மூன்று வருடமாக அவருடைய மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவன் நான். “சரி, போ. மறக்காம வந்துரு” என்றார். கைத்தடி கட்டிலோரமாக எப்போதும்போலச் சாய்ந்து நின்றது. தொலைபேசி முன்னறையில் இருந்தது. மெஷினும் இப்போது முன்னறையில்தான் இருந்தது, அதன் சுவிட்சுக்குப் போக அவர் பதினோரு அடி நடக்க வேண்டும். குழாயில்லாமல் அவரால் மூன்றடி நடக்க முடியும்.

ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு முதல் படம். படம் எடுக்கும்போது நான் ஓரிடத்தில் அசையாமல் நிற்பேன். என் காலடி விழுந்தாலும் தளம் ஆடும். இருப்புக் கொள்ளாத ஒருவன் அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளங்கால் இரண்டும் அரித்தன. முதல் எட்டுப் படங்களும் உருண்டையாக, அழகாக விழுந்தன. ஆனால் அந்தி வெளிச்சம் இன்னும் வடியவில்லை, பின்னணி சாம்பலாக இருந்தது. நான் அவற்றைச் சேர்க்காததற்குக் காரணம் அதுதான். இதை இதழிலும் எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாவது படம் ஏழு இருபத்தாறுக்குத் தொடங்கியது. அதில் முதல் தட்டு விழுந்தது.

ஒரே தட்டு. திரையில் எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரு வால் முளைத்தது. அரை நிமிடம் கழித்து இன்னொன்று. பத்தாவது படத்தில் நான்கு. பதினொன்றில் ஆறு. எல்லாம் ஒற்றைத் தட்டு. எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அவர் கூப்பிடுகிறார் என்று தெரியும். ஆனால் சிலிண்டர் தீர இன்னும் நேரம் இருந்தது, நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மூச்சு கொஞ்சம் குறைவாக வந்தால் பயம் வரும், பயம் வந்தால் தட்டுவார், அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். தவிர, நான் நடந்துபோய்ப் படியிறங்கினால் என் காலடியால் இன்னும் இரண்டு படம் கெட்டுப்போகும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வரையிலான ஆறு படங்களில் ‘ஆட்டம்’ என்று நான் குறித்திருப்பது அந்தத் தட்டுகளைத்தான். காற்று இல்லை, லாரி எதுவும் தெருவில் போகவில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மூலப் படங்களை அனுப்புகிறேன். ஒவ்வொரு வாலும் ஒரு தட்டு. எண்ணிப் பார்க்கலாம், இருபத்தேழு இருக்கின்றன.

பதினான்காவது படம் முடிந்ததும் இறங்கிப்போக வேண்டும் என்பதுதான் என் ஏற்பாடு. நோட்டில் முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்த ஆறு படங்களும் வீணாகிவிட்டதால் கையில் அந்திப் படங்கள் எட்டைத் தவிர ஒன்றுமில்லை. அவர் தட்டாமல் பொறுத்திருந்தால் ஆறு நல்ல படங்கள் கிடைத்திருக்கும், நானும் சொன்ன நேரத்துக்குக் கீழே போயிருப்பேன். அவருக்கு இதை விளக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பதினான்காவது படத்தின் முடிவில் இரண்டு தட்டு விழுந்தது. அடுத்தடுத்து, இரண்டு. இரண்டாவது மிகவும் மெலிதானது. பிறகு அளந்து பார்த்தேன், முதல் தட்டின் கால் பங்குகூட வலு இல்லை. ஆனால் இரண்டு இரண்டுதான். இரண்டு என்றால் போகலாம். அது அவர் வைத்த சட்டம், நான் வைத்ததல்ல.

ஆகவே தொடர்ந்தேன்.

பதினைந்தாவது படத்திலிருந்து தளம் அசையவே இல்லை. இந்த வீட்டில் இந்தத் தூணை நட்ட நாளிலிருந்து அவ்வளவு உருண்டையான நட்சத்திரங்களை நான் பார்த்ததில்லை. எட்டுப் படம், ஒன்றைவிட ஒன்று சுத்தம். பக்கத்தில் இருக்கிற மூன்று நிலையான நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பிரகாசத்தையும் அளந்தேன். அந்த எண்ணில் உங்களுக்கும் எனக்கும் தகராறு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஏழு ஐம்பதரைக்கு இருபத்திரண்டாவது படம் முடிந்தது. இன்னும் ஒன்றரை நிமிடத்தில் நட்சத்திரம் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. மூடியைப் போட்டேன். படங்களைக் கணினியின் இரண்டாவது வட்டில் ஒரு நகல் எடுத்தேன். தொலைநோக்கிமேல் துணியைப் போர்த்தினேன். பிறகு இறங்கினேன்.

அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். பாதி உடம்பு தரையில் கிடந்தது. கைத்தடியைக் கீழே விடவில்லை. தூக்கிப் படுக்க வைத்தேன். குழாயை மாற்றி மெஷினைப் போட்டேன். சிலிண்டரின் திருகைத் திரும்பவும் மூன்றில் வைத்தேன். போர்வையைச் சரிசெய்தேன். அதன்பிறகு டாக்டருக்கும் தங்கைக்கும் போன் செய்தேன்.

டாக்டர் அதிகம் கேட்கவில்லை. இந்த நுரையீரலோடு இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு என்றார். தங்கை அழுது ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மேல இருந்த நேரம் பாத்துப் போயிட்டாரு. அதுக்கு நீ என்ன பண்ணுவ? மனசப் போட்டு ஒழப்பிக்காத அண்ணா” என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. இன்றைக்கும் மெஷின் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிறைய ஆட்கள். நான் மாடியறையில் உட்கார்ந்து எட்டுப் படங்களையும் அளந்தேன். ஒவ்வொன்றிலும் கிழக்கு. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், கிழக்கு. கட்டுரையின் கடைசி வரியில், ‘இந்த அளவீட்டுக்கு ஒத்துழைத்த என் தங்கையின் கணவருக்கு நன்றி’ என்று எழுதினேன். இதழில் அந்த வரியைப் பார்த்ததும் தங்கை மறுபடி அழுதாள். அந்தப் பக்கத்தை வெட்டி அவருடைய படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

இப்போது உங்கள் மற்ற இரண்டு ஆட்சேபங்கள். தளம் ஆடினால் எல்லா நட்சத்திரமும் ஒரேபோலத்தான் ஆடும், இடையிலுள்ள தூரம் மாறாது, ஆகவே அந்த ஆறு படங்களையும் அளந்திருக்கலாம் என்கிறீர்கள். அளக்கலாம், உண்மைதான். இரண்டாவது, கடைசி எட்டுப் படங்களில் நட்சத்திரம் மிகவும் தாழ்ந்துவிட்டது; தாழ்வானத்தில் காற்று நீல ஒளியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், பொங்குகிற நட்சத்திரம் நீலமானது, மேற்கே சாய்ந்த நட்சத்திரத்துக்கு மேலே தூக்குவது என்றால் கிழக்கே தள்ளுவது என்கிறீர்கள். நில அளவையில் தாழ்வான புள்ளியைப் பார்த்துப் பழகிய கண் இதைப் பிடித்துவிடும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். என் கிழக்கு அந்தக் காற்று செய்த வேலையாக இருக்கலாம். இருபத்திரண்டையும் சேர்த்து அளந்தால் மேற்கு வருகிறது. அந்த ஆறை மட்டும் அளந்தாலும் மேற்குதான். இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன். அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடிய படம் ஆடிய படம்தான்.

முந்தாநாள் உங்கள் கடிதம் மேசையில் கிடந்தது. பிழை திருத்துகிறவள் கண்ணில் எது பட்டாலும் கடைசி வரி வரை படித்துவிடுவாள். படித்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, ஆறு படத்துல ஆட்டம்னு நீ சொன்னதா எழுதியிருக்காரே. மெஷினத்தான் நிறுத்தியிருந்தியே. அன்னைக்கு எது ஆடுச்சு?”

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் மாப்பிள்ளையின் அறைக்குப் போனாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் வெள்ளை உதிர்ந்து, தடியின் முனை அளவுக்குக் குழிகுழியாக இருந்தது. பழைய தடயங்கள் தலைமாட்டுக்கு மேலே ஒன்றிரண்டு. புதியவை கட்டிலின் விளிம்பு வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்திருந்தன. அவள் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். உதடு அசைந்தது தெரிந்தது. எண்ணி முடித்த பிறகும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்றுக் காலையில் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் படத்தையும் எடுத்துப் போயிருக்கிறாள். இதழிலிருந்து வெட்டிய பக்கத்தை மட்டும் என் மேசைமேல் வைத்திருக்கிறாள்.

ஆகவே இதை அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சிலிண்டரில் இருபத்து நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்தே மேலே போனேன். அதுவும் அவருக்குத் தேவையானதில் பாதி என்று தெரியும். தட்டியது கேட்டது, எதற்காகத் தட்டினார் என்பதும் தெரியும். சத்தம் நின்றபோது ஏன் நின்றது என்றும் தெரியும். அதன்பிறகு பதினான்கு நிமிடம் நான் நகரவில்லை. இதை நீங்கள் காவல் நிலையத்தில் கொடுப்பதென்றால் கொடுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. கடை காலை ஒன்பதரையிலிருந்து திறந்திருக்கும்.

ஆனால் நான்காவது பத்தியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். அடுத்த இதழில், எல்லாரும் பார்க்கிற பக்கத்தில். முப்பது வருடம் அளந்தவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. நான் எதையும் பொறுக்கி எடுக்கவில்லை.